சாக்லேட் நிறக் குஞ்சும் கருங்குலம் காத்த ஆர்வில் ஸ்டென்ஸ்ருட்டும்

வாழி ஆர்வில் ஸ்டென்ஸ்ருட்! பால்வண்டியின் சக்கரத்தை முப்பத்தொன்பது பனிக்காலம் வழுக்காமல் செலுத்திய வலக்கையன். இடுப்பிலே பெல்ட்டும், அந்தப் பெல்ட்டின் மேலும் நம்பிக்கை வைக்காமல் தோளிலே வாரும் பூண்ட முன்னெச்சரிக்கைச் செம்மல். ஐவிரல் தாளும், மைந்நிறத் தோலும், இறகென்று சொன்னால் பூனைக்குட்டியும் நம்பாத பஞ்சுப்பொதி மேனியும் கொண்ட சில்க்கிக் கோழிகளின் கருங்குலத்தைக் கால் நூற்றாண்டு கண்ணிமைபோல் காத்து நின்ற காவலன். அவன் புகழ் விஸ்கான்சின் மேற்குக் குன்றுகளிலே சோளத்தட்டை அசையும் நாள்வரை அசையாது நிற்பதாக!

நீயும் முன்வந்து அருள்வாய், தொண்ணூற்றொன்பதரை பாரன்ஹீட் பாகையில் இமைக்காது கனலும் இன்குபேட்டரே! தாய்க்கோழியின் அடிவயிற்று வெப்பத்தைப் பிளாஸ்டிக் மூடிக்குள் அடக்கியவளே, இருபத்தொரு நாள் வாய்திறவாதிருந்து, இருபத்திரண்டாம் நாள் வீட்டு ரகசியம் அத்தனையையும் கூடத்தில் கொட்டிவிடுகிறவளே, இப்போரைக் குழறாமல் சொல்லி முடிக்கத் துணை நில். நீங்கள் சாய்ந்து உட்கார்ந்து கேளுங்கள், கண்மணிகளே. இது போர்க்கதைதான், ஆனால் ஒரு கோழிகூடச் சாகாது, பயப்படவேண்டாம்.

கோல்ட் கிரீக் பள்ளத்தாக்கிலே சில்க்கி வளர்ப்போர் சங்கம் என்றொரு பேரவை உண்டு. பேரவையில் எழுவர். மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை, லூத்தரன் ஆலயத்தின் கீழ்த்தளத்தில், வெந்நீரோ காப்பியோ என்று ஐயுறத்தக்க ஒரு பானத்தின் முன்னே அவர்கள் கூடுவர். அந்தப் படைவகுப்பைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வெண்படைக்குத் தலைவர் மில்டன் யெல்லே, எண்பத்துநான்கு பிராயத்தவர், சங்கத்தின் நடுவர். வெள்ளை என்பது நிறமே அல்ல, அது போர்வை, அதன் அடியில் எந்த நிறம் படுத்துக்கிடக்கிறதென்று குஞ்சு பொரித்தாலன்றி ஆண்டவருக்கும் தெரியாது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பவர். நீலப்படைக்குத் தலைவியர் ஹாகன் வீட்டு இரட்டைச் சகோதரிகள்; நீலத்தை நீலத்தோடு சேர்த்து, நான்கு குஞ்சில் இரண்டு நீலம், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளைச் சட்டையில் மை தெறித்தாற்போன்ற தெறிப்பு நிறம் என்று விரல்மடித்து எண்ணியே தலை நரைத்தவர்கள். காட்டுப்புறா நிறத்தார் இருவர். பழுப்புப்படைக்குத் தலைவி, பள்ளிக்கூடச் சமையற்கூடத்தை ஆளும் கொரின் ப்ளாஹா. அவளுடைய கோழிகள் உருக்கிய சாக்லேட்டில் முக்கி எடுத்தவைபோல் இருக்கும். அவளுக்கும் ஆர்விலுக்கும் இடையே நாலடிக் கம்பிவேலி ஒன்றே எல்லை.

இவர்கள் எல்லோரையும் ஆர்வில் இரக்கத்தோடு பார்த்தான். நீலம் என்ன நிறம்? இன்றைக்கு நீலமாய் இருந்து நாளைக்குப் பாதிப் பிள்ளைகளை வேறு நிறத்தில் பெற்றெடுக்கும் நிறம் ஒரு நிறமா? கறுப்போ, கறுப்போடு சேர்ந்தால் கறுப்பையே ஈனும். கொடுத்த வாக்கை மாற்றாத நிறம் உலகத்தில் அது ஒன்றே என்று கண்டு, இருபத்தைந்து ஆண்டுக்கு முன் வாங்கிய மூன்று கறுப்புக் கோழிகளிலிருந்தே தன் கூட்டத்தைப் பெருக்கினான். அன்றுமுதல் வெளியிலிருந்து ஒரு கோழியையும் ஒரு முட்டையையும் தன் வாயிலுக்குள் விட்டானில்லை. குறையுள்ளவற்றைக் கழித்தான். மூன்று ஆண்டுக்கு முன், ஐந்து விரல் இருக்கவேண்டிய காலில் நாலே விரலோடு பிறந்த ஒரு கறுப்புச் சேவலைக் கையிலெடுத்து, மன்னன் சிற்றரசனுக்குக் கிழட்டு யானையைத் தானம் செய்வதுபோல், வேலிக்கு மேலாகக் கொரினிடம் நீட்டினான். "வச்சுக்க, உன் கூட்டத்துக்கு இது போதும்" என்றான். அவள் அதற்கு நாலுவிரல் என்றே பெயரிட்டு, நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள்.

இவ்வளவு கட்டுக்காவலும் எதன்பொருட்டு? கேடயத்தின் பொருட்டு. இருபத்தைந்து ஆண்டு வெளிக்கலப்பில்லாமல் ஒரே வழியைக் காத்தவருக்குச் சங்கம் தரும் தூயவழிக் கேடயம். வால்நட் பலகை, பித்தளைத் தகடு. சங்கம் தோன்றி நாற்பது ஆண்டாகியும் ஒருவர் கையும் தீண்டாத கன்னிக் கேடயம். அதற்கொரு படிவம். படிவத்தில் 'வெளிக்கலப்பில்லாத ஆண்டுகள்' என்றொரு சிறு கட்டம். கட்டத்தின் கீழே 'என் மனமறிந்த உண்மை' என்று ஒரு வரி. வரியின் கீழே கையெழுத்து. ஜூலை பத்தாம் தேதிக்குள் நிரப்பித் தரவேண்டும். சாட்சி வேண்டியதில்லை, வளர்ப்பவர் வார்த்தையே போதும் என்பது சங்கத்தின் மரபு. கூடத்துச் சுவரில் ஆர்வில் ஜனவரியிலேயே ஆணி அடித்துவிட்டான்.

அந்த ஆண்டுக்குத் தக்க சேவலும் வாய்த்திருந்தது. சேர்மன் என்று பெயர். முந்தின வசந்தத்தில் பொரிந்தவன். தலையிலே கரிமேகம் கவிந்த கொண்டை. கன்னத்திலே மயில்கழுத்து நீலத்தில் காதுமடல். வெயிலிலே நிறுத்தினால் வண்டின் முதுகுபோல் பச்சை மின்னும் கறுப்பு. முந்தின செப்டம்பரில், வளர்ந்தும் வளராத இளஞ்சேவலாய் இருக்கையிலேயே, மாவட்டக் கண்காட்சியில் எழுபது கோழிகளைத் தோற்கடித்தவன். இந்த வசந்தத்தில் முதன்முறையாக, மூன்று வயதான ஐந்து கரும்பெட்டைகளோடு அவனைக் கூட்டில் விட்டான் ஆர்வில். முட்டைகள் வந்தன. இன்குபேட்டர் கனன்றது. ஏப்ரலில் ஒரு காலை, ஒன்பது குஞ்சுகள் வெளியே வந்தன.

எட்டுக் குஞ்சுகள் கறுப்பு.

"ஆர்டிஸ், லைட்டைப் போடு," என்றான் ஆர்வில்.

"போட்டுத்தான் இருக்கு," என்றாள் அவன் மனைவி.

"அப்ப அணை."

அணைத்தாள். ஜன்னலின் பகலொளியிலும் ஒன்பதாம் குஞ்சு பழுப்பாகவே இருந்தது. சந்தேகப் பழுப்பன்று, அழுக்குப் பழுப்பன்று, பிறந்தநாள் கேக்கின் மேல் தடவுகிற பழுப்பு.

"ஈரமா இருக்கோ என்னவோ."

"காஞ்சு ரெண்டு மணி நேரம் ஆச்சு, ஆர்வில்," என்று சொல்லிவிட்டு ஆர்டிஸ் சமையலறைக்குள் போய், ஏற்கெனவே கழுவியிருந்த கோப்பைகளை மறுபடியும் கழுவத் தொடங்கினாள்.

இடிவிழுந்த கோபுரம் உடனே சாய்வதில்லை. சற்று நின்று யோசிக்கும். ஆர்வில் அவ்வாறு நின்றான். இவ்விடத்தில் ஒரு சட்டத்தைச் சொல்லியாக வேண்டும், பிள்ளைகளே, நீளமில்லை, சொல்லிவிடுகிறேன். நிறங்களில் சாக்லேட் ஒரு தனிப்பிறவி. அதைச் சேவல் இரண்டு கையில் ஏந்தும், பெட்டைக்கு ஒரு கைதான். அந்த ஒரு கையை நிரப்புவதும் தகப்பன் மட்டுமே. மகளுக்கு இந்த நிறத்தில் தாய் ஒன்றும் தருவதில்லை. ஆகவே ஒரு மகள் சாக்லேட்டாய்ப் பிறந்தால், தாயைக் கூப்பிட்டு விசாரிப்பது வீண், தகப்பன்தான் கொடுத்தான். மகன் சாக்லேட் ஆவதென்றால் இருவரும் கொடுத்திருக்க வேண்டும். ஆர்விலின் பெட்டைகளோ கரியைக் காட்டிலும் கரியவை. எனவே பழுப்புக் குஞ்சு மகளே. இனித் தகப்பன் யார்? இங்கேதான் சட்டத்தின் கள்ளச்சிரிப்பு: ஒரு கையில் சாக்லேட்டும் மறுகையில் கறுப்பும் வைத்திருக்கிற சேவல், வெளியே முழுக்கறுப்பாய் உலவும், மேனியில் ஒரு மயிரிழையும் காட்டிக்கொடுக்காது.

ஆர்வில் இந்தச் சட்டத்தைத் தலைகீழாய் ஒப்பிக்க வல்லவன். சட்டம் அவன் முன்னே இரண்டு பேரை நிறுத்தியது. ஒருவன், அவன் கையாலே வளர்ந்த சேர்மன். மற்றவன், வேலிக்கு அப்பால் கொரின் வீட்டில் வாழும் சாக்லேட் சேவல் பட்டன். முதல்வனை ஆர்வில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தோள்வாரை ஒருமுறை இழுத்துவிட்டு, படைமுரசு தன் காதுக்குள்ளேயே முழங்க, முற்றத்தைக் கடந்து வேலியை அடைந்தான். "அறம் பிழைத்த அயலாளே, நின் கொடுஞ்சேவல் என் குலமனை புகுந்த பழிக்கு மறுமொழி யாது?" என்பதே நடந்துவந்த நாற்பது அடியிலும் அவன் நெஞ்சில் உருண்டுகொண்டிருந்த முழக்கம். வாய்வழி வந்தது வேறு.

"உன் சேவல் என் வேலியத் தாண்டியிருக்கு, கொரின்."

"எது, பட்டனா?"

"பட்டன்தான்."

"ஆர்வில், அது எங்க வீட்டுப் படியே ஏறாது. சாயங்காலமானா நான்தான் தூக்கி உள்ள விடணும்."

"ஆசை வந்தா ஏறும்."

"ஆசை வந்தா அது நின்ன இடத்துலயே தூங்கிடும். சில்க்கிக்கு ஏது பறக்குற இறகு? உங்களுக்கு நான் சொல்லணுமா? நாலடி வேலி எதுக்கு, என் செருப்பத் தாண்டச் சொல்லுங்க பார்ப்போம்."

"அப்ப என் பெட்டைக்குச் சாக்லேட் மகள் எப்படி வந்தா?"

கொரின் வாயைத் திறந்தாள். அவள் பார்வை ஆர்விலின் தோளுக்கு மேலாகப் போய், அவன் வீட்டுச் சமையலறை ஜன்னலில் சற்று நின்றது. பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

"எனக்கெப்படித் தெரியும்," என்றாள். "நல்லாப் பாருங்க."

குற்றவாளியின் மௌனம் என்று ஆர்வில் அதற்குப் பொருள் கொண்டான்.

அன்று தொடங்கிற்று காவற்போர். வேலியோரம் மடக்கு நாற்காலி இட்டான். மான்வேட்டைக்கு வாங்கிய தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டினான். பதினைந்தடி தூரத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த பட்டனை அதன்வழி நோக்க, எதிரி வானளவு பெருகி, கண்மறைத்த கொண்டையோடு, பூதப்படைத் தலைவன்போல் தோன்றினான். மூன்று பகல் பார்த்தான். மூன்று பகலும் எதிரி மண்குளியல் செய்தான். நான்காம் நாள் உத்தியை மாற்றி, வேலியின் நீளம் முழுக்க மைதா மாவைக் கோலப்பொடிபோல் தூவி, கள்வனின் ஐவிரல் தடம் விழுமென்று காத்தான். முயல் தடம் விழுந்தது. ஹாகன் வீட்டுப் பூனையின் தடம் விழுந்தது. அவனுடைய பத்தரை எண் பூட்ஸின் தடமே பெரும்பான்மையாய் விழுந்தது. ஐந்தாம் நாள் மழை பெய்து மாவு பசையாகி, அந்தப் பசை பூட்ஸோடு சமையலறைவரை வந்தது.

ஆர்டிஸ் தரையைப் பார்த்தாள். "பிசைஞ்சது போதும்னா சொல்லு, சுட்டுத் தரேன்," என்றாள்.

மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை சங்கம் ஆலயத்தை விட்டு ஆர்விலின் முற்றத்தில் கூடிற்று. அவன்தான் நீதி கேட்டு அழைத்திருந்தான். ஏழு நாற்காலி அரைவட்டமாய் நின்றன. ஆர்டிஸ் உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுக்கிச் சுட்ட பெரிய பாத்திரத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். முற்றத்தின் நடுவே ஓரடி உயரமுள்ள பலகை செங்குத்தாய் நிறுத்தப்பட்டது. பலகைக்கு அப்பால் ஆர்விலின் அழகிற்சிறந்த கரும்பெட்டை. அவள் காலடியில், ஆசைக்கு மேல் ஆசையாக, ஒரு கைப்பிடி உலர்ந்த புழு. பலகைக்கு இப்பால், குற்றம் சாட்டப்பட்ட பட்டன்.

"நாலடி தாண்டினவன் ஓரடியைத் தாண்டுவான்," என்று அறிவித்தான் ஆர்வில். "எல்லாரும் கண்ணால பாருங்க."

கொரின் சேவலைத் தரையில் விட்டாள். அது நின்றது. பெருங்கடல் பொங்குமுன் பின்வாங்குவதுபோல் இரண்டடி பின்வாங்கிற்று. சபை மூச்சடக்கியது. கொண்டை கண்ணை மறைத்திருந்தபடியால் திசை தவறி, முதலில் மில்டனின் கைத்தடியை நோக்கிப் படையெடுத்து, அதை ஒருமுறை கொத்தி, அது திருப்பிக் கொத்தாததால் வென்றதாய்க் கொண்டு, மறுபடி திரும்பிப் பலகையை நோக்கி நடந்தது. ஏழடி தூரத்தை எட்டு நிமிடத்தில் கடந்தது. மந்தர மலையே மத்தாய் வந்து மோதினாற்போல் அதன் நெற்றி பலகையில் மோதிற்று. பட்டன் அதைப் பற்றிச் சிந்தித்தான். சிந்தனை கனிய, காலை மடித்து, பலகையின் நிழலில் உட்கார்ந்து, கண்ணை மூடினான்.

"ஏப்பா ஆர்வில்," என்றார் மில்டன், "இது மேலயா கேஸு?"

"கூட்டத்தப் பார்த்து நடிக்கிது."

"பலகையப் படுக்கப் போடுங்களேன்," என்றாள் இரட்டையரில் ஒருத்தி.

படுக்கப் போட்டார்கள். இரண்டு அங்குல உயரம். பட்டன் எழுந்திருக்கவில்லை. அப்பால் இருந்த பெட்டை புழுவையெல்லாம் தானே தின்றுவிட்டு, பலகையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, பட்டனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனாள். சபையில் யாரோ இருமினார்கள். அந்த இருமலுக்குள் ஒரு சிரிப்பு இருந்தது.

மில்டன் கைத்தடியைத் தரையில் ஊன்றினார். "வாக்குவாதம் வேண்டாம். வழி ஒண்ணுதான் இருக்கு, உனக்கே தெரியும். பெட்டைங்களை மூணு வாரம் தனியாப் பூட்டு. பழைய சேர்க்கைல உள்ள தங்கினதெல்லாம் போகட்டும். அப்புறம் உன் சேர்மனை மட்டும் விடு. முட்டை வை. கறுப்பா வந்தா உன் வழி சுத்தம், பழி பட்டன் மேல. பழுப்பு வந்தா..."

"வராது."

"வந்தா என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. எங்களை யாரையும் பார்க்கக் கூப்பிடாத. நீயே பார்த்துக்க. நீயே எழுதிக் கொடு. உன் வார்த்தை போதும்."

"அதுவரைக்கும் பட்டன் என் சமையக்கட்டுல இருக்கட்டும்," என்றாள் கொரின். "அப்புறம் பேச்சு வேண்டாம் பாருங்க."

மேசைப் பக்கம் ஆர்டிஸின் கையிலிருந்து பெரிய கரண்டி நழுவிப் பாத்திரத்துக்குள்ளேயே விழுந்து மூழ்கிற்று. அவள் அதை எடுக்க முயலாமல், கொரினைப் பார்த்தபடி நின்றாள்.

முற்றுகை தொடங்கியது. கோழிக்கூட்டுக்குப் புதுப் பூட்டு. பூட்டின் சாவி பூட்ஸ் கயிற்றில் கோக்கப்பட்டு ஆர்விலின் கழுத்தில். குளிக்கையிலும் கழற்றானில்லை, ஆலயத்தில் பாடுகையிலும் கழற்றானில்லை. பாட்டின் தாழ்ந்த இடங்களில் சாவி சட்டைப் பொத்தானில் மோதித் தாளம் போட்டது. மூன்று வாரம் பெட்டைகள் கைம்பெண்கள்போல் இருந்தனர். ஜூன் பிறந்ததும் சேர்மன், வெற்றித் திருமகளின் மணவாளன்போல், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனான். வந்த முட்டைகளை ஆர்வில் தானே எடுத்தான். ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி எழுதினான். ஏழாம் எண்ணுக்கு மட்டும் தன் வழக்கப்படி இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு போட்டான். பதின்மூன்று முட்டை. இன்குபேட்டரைச் சாப்பாட்டு மேசைமேலேயே வைத்து, நாளுக்கு மூன்றுமுறை முட்டைகளைப் புரட்டி, பதினெட்டாம் நாள் புரட்டலை நிறுத்தி, மூடியை மூடி, அதன்பின் மேசைமேல் யாரும் தட்டை அழுத்தி வைக்கக்கூடாதென்று ஆணையிட்டான். இருவரும் மூன்று நாள் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டார்கள்.

கேளுங்கள், கண்மணிகளே. ஜூலை ஐந்தாம் நாள் காலை. ஓடுகள் வெடிக்கும் ஓசை, தொலைதூரத்துப் பீரங்கி ஓசைபோல் சாப்பாட்டு அறையில் கேட்டது. ஒன்றன்பின் ஒன்றாக, ஈரத்தில் நனைந்த சிறு வீரர்கள் கோட்டைச் சுவரை அலகால் உடைத்து வெளியே விழுந்தனர். கறுப்பு. கறுப்பு. கறுப்பு. ஆர்விலின் மார்பு விரிந்தது. கறுப்பு. மறுபடி கறுப்பு. வால்நட் பலகையின் மணம்கூட அவன் நாசியில் ஏறிற்று. ஒரு முட்டை கூமுட்டையாய்ப் போக, மற்ற பன்னிரண்டு குஞ்சும் நண்பகலுக்குள் வெளியே வந்து உலர்ந்துவிட்டன. அவற்றில் ஒன்பது கறுப்பு. மூன்று, பிறந்தநாள் கேக்.

மகள்களில் பாதி, ஆக மொத்தத்தில் நான்கில் ஒன்று. சட்டம் சொன்ன விகிதத்தை ஒரு குஞ்சுகூடப் பிசகாமல் கொண்டுவந்து மேசைமேல் வைத்தது. சேர்மன் ஒரு கையில் சாக்லேட் வைத்திருந்தான். பிறந்த நாள்தொட்டு வைத்திருந்தான். எழுபது கோழிகளை வென்ற நாளிலும் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் வென்றான்.

ஆர்வில் நாற்காலியில் உட்கார்ந்தான். சமையலறையில் ஆர்டிஸ் தக்காளி சூப்பை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள்.

"எப்படி உள்ள வந்துச்சு?" என்று அவன் கேட்டான், அவளையல்ல, இன்குபேட்டரை. "இருபத்தஞ்சு வருஷம். ஒரு முட்டை வெளியிலேர்ந்து வந்ததில்ல."

ஆர்டிஸ் சூப்புக் கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"பதினாலு வந்துச்சு," என்றாள்.

அறையில் பன்னிரண்டு குஞ்சுகளும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தன. ஆனாலும் அந்த வார்த்தை தெளிவாய்க் கேட்டது.

"போன வருஷம் மார்ச்சு. சர்ச்சுல பான்கேக் போட்டோமே, ஞாபகம் இருக்கா? நெனச்சதுக்கு ரெண்டு பங்கு கூட்டம். முட்டை தீந்துபோச்சுன்னு போன் வந்துச்சு. நான் பின்னறைல இருந்த முட்டை அட்டையத் தூக்கிட்டு ஓடினேன். அங்க பல்பு எரியல. உன் பென்சில் எழுத்தை நான் பார்த்தது ஓடெல்லாம் குப்பைக் கூடைக்குள்ள கெடந்தப்பதான்."

"பதினாலுமா?"

"பதினாலும்."

"அப்ப நான் இன்குபேட்டர்ல வச்சது?"

"கொரின்கிட்டப் போனேன். ஒண்ணும் கேக்கல அவ. எண்ணிக் கொடுத்தா. எல்லாம் ஒரே நிறமாத்தான இருக்கு, முட்டையில என்ன தெரியப்போகுது. இந்த மேசைலதான் உக்காந்து உன்ன மாதிரியே தேதி எழுதினேன். ஏழுக்குக் குறுக்குக் கோடெல்லாம் போட்டேன். முதல் ரெண்டு சரியா வரல, அழிச்சு எழுதினேன்."

வேறொருவனாயிருந்தால் கத்தியிருப்பான், வேறொருவனாயிருந்தால் எழுந்து போயிருப்பான். ஆர்வில் கோழி வளர்ப்பவன். அவன் வாயில் முதலில் வந்த கேள்வி இது:

"கொரினோட எந்தக் கோழி?"

"சாக்லேட் பெட்டைங்க. சேவல், நீ கொடுத்தியே நாலுவிரல், அது."

சாக்லேட் தாய், கறுப்புத் தகப்பன். ஆர்வில் கண்ணை மூடினான். கண்ணுக்குள் சட்டம் தன் ஏட்டை விரித்தது. மகள்களுக்குத் தாய் ஒன்றும் தரமாட்டாள், தகப்பன் கறுப்பைக் கொடுத்தான், மகள்கள் கறுப்பு. மகன்களுக்கு ஆளுக்கொரு கை சாக்லேட், ஒரு கை கறுப்பு. வெளியே எல்லோரும் கறுப்பு. அதனால்தான் அந்த வருஷம் பொரித்த ஒரு குஞ்சும் காட்டிக்கொடுக்கவில்லை. அதனால்தான் சேர்மன் வந்தான். பள்ளத்தாக்கின் பெருஞ்சேவல், ஆர்வில் வேலிக்கு மேலாகத் தூக்கி எறியாக் குறையாய்த் தானம் செய்த நாலுவிரலின் மைந்தன்.

"அன்னிக்கு நானும் வந்திருந்தேனே," என்றான்.

"வந்திருந்த."

"சாப்பிட்டேன்."

"நாலு சாப்பிட்ட. இந்த வருஷம் மாவு நல்லா உப்பியிருக்குன்னு பாஸ்டர்கிட்ட சொன்ன. அஞ்சாவது கேட்ட."

நரி தீண்டாத குலம், ரக்கூன் தீண்டாத குலம், இருபத்துநான்கு குளிர்காலத்துப் பனி தீண்டாத குலம், அந்த ஆண்டுக்கான அதன் வாரிசுகளை மேப்பிள் பாகு ஊற்றி, முள்கரண்டியால் வெட்டி, புகழ்ந்து விழுங்கியவன் அதன் காவலனே! ஆர்வில் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தான். பெல்ட்டும் வாரும் அதனதன் இடத்தில்தான் இருந்தன.

"கொரின் ஒரு வார்த்தை சொல்லலியே. எல்லார் முன்னாலயும் நான் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினேன்."

"சொல்லாதன்னு நான்தான் கேட்டேன்."

"வேலியில நின்னு..."

"ஆமா. மாவு வேற தூவின." ஆர்டிஸ் ஸ்பூனைக் கையில் எடுத்து மறுபடி வைத்தாள். "நான் அப்பவே சொல்லியிருக்கணும், ஆர்வில். ஒவ்வொரு வாரமும் சொல்லலாம்னு வருவேன். நீ சேர்மனப் பத்திப் பேசிட்டிருப்ப. அதுக்குப் பரிசு வந்தப்புறம் எப்படிச் சொல்றது? உனக்கு அதுல இருந்த சந்தோஷத்தப் பார்த்துட்டு வாயே வரல."

சூப்பின் ஆவி இருவருக்கும் நடுவே எழுந்தது. அலமாரியில் படிவம் இருந்தது. எழுந்துபோய் எடுத்துவந்து, குஞ்சுகளுக்குப் பக்கத்தில் மேசைமேல் விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றினான்.

அப்பொழுது, பெருமக்களே, ஆர்விலின் நெஞ்சமென்னும் பரந்த களத்திலே இரு பெருஞ்சேனைகள் எதிரெதிர் வந்து நின்றன. ஒருபுறம், இருபத்தைந்து என்னும் எண் யானைமேல் ஏறி, பித்தளைத் தகடு வெயிலில் பளபளக்க, ஐந்து கரும்பெட்டைகளும் இன்னும் அப்பழுக்கற்றவையே, சேர்மன் ஒருவனையும் அவன் குஞ்சுகளையும் யாருக்காவது கொடுத்துவிட்டால் வழி மறுபடி சுத்தம், மில்டன் வந்து பார்க்கப்போவதில்லை, கொரின் வாய்திறக்கப்போவதில்லை, ஆர்டிஸோ நீ என்ன எழுதினாலும் எதிரே உட்கார்ந்து சூப்புத்தான் குடிக்கப்போகிறாள், எழுது எழுது என்று ஆயிரம் முரசும் ஆயிரம் சங்கும் ஒலிக்க ஆர்ப்பரித்து முன்னேற, மறுபுறமோ, தேரில்லை, கொடியில்லை, முரசில்லை, பழி சுமத்தப்பட்டும் வேலிக்கப்பால் வாயை மூடிக்கொண்டு நின்ற ஒரு பெண்ணும், இதே மேசையில் தனியே உட்கார்ந்து, பதினான்கு முட்டையிலும் அவனுடைய எழுத்தைப்போலவே எழுதிப் பார்த்து, சரியாய் வராத இரண்டை அழித்து மறுபடி எழுதிய ஒரு பெண்ணுமாய் இரண்டே பேர் நிற்க, யானை மிரள, முரசு கிழிய, இருபத்தைந்து என்னும் பேரெண் அம்பாரியிலிருந்து தலைகுப்புறச் சரிய, வானோர் என்ன ஆகுமோ என்று விளிம்பில் வந்து எட்டிப் பார்க்க, வலக்கையன் தன் வலக்கையை உயர்த்தி, பேனாவைக் கட்டத்தின் மேல் இறக்கினான்.

ஆர்வில் போன மார்ச்சிலிருந்து எண்ணி 'ஒன்று' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, சூப் ஆறுவதற்குள் சாப்பிட ஆரம்பித்தார்.